சிவப்பு மூடி

நாற்பத்து மூன்று வயதில் என்னைப் ‘புதுப் பொண்ணு’ என்று கூப்பிட்ட ஒரே இடம் அந்த ஆஸ்பத்திரிதான். கவரைப்பேட்டை ஸ்டேஷனிலிருந்து கம்பெனிகள் பக்கம் போகிற ரோட்டில் முப்பது கட்டில் போட்டு நடத்துகிற தனியார் ஆஸ்பத்திரி. தரை துடைக்கிற அம்மாவிலிருந்து ரசீது போடுகிற பெண்வரை எல்லோரும் எனக்கு சீனியர். எனக்கு வந்த கோபத்துக்கு முதல் நாளே பையைத் தூக்கிக்கொண்டு திரும்பியிருப்பேன். திரும்பவில்லை. ஏனென்றால் அது நான் ஏறிய ஐந்தாவது ஆஸ்பத்திரி. முதல் நாலும் வாசலோடு அனுப்பிவிட்டன.

என் பெயர் விக்டோரியா. இருபத்திரண்டு வயதில் நர்ஸ் படிப்பை முடித்து ராயபுரத்தில் நாலு வருஷம் வேலை பார்த்தேன். மகள் ஜெபா பிறந்ததும் நின்றேன். ஆறு மாதம் என்று சொல்லித்தான் நின்றேன். அதற்குள் மாமியார் படுத்துவிட்டார். அந்த ஆறு மாதம் இழுத்துக்கொண்டே போய்ப் பதினேழு வருஷம் ஆகிவிட்டது. மூன்றாவதாகப் போன ஆஸ்பத்திரியில் இன்டர்வியூ எடுத்தவனுக்கு என் மகளைவிட நாலு வயது கூட இருந்தால் அதிகம். “இவ்ளோ பெரிய கேப்ல என்ன மேடம் பண்ணீங்க?” என்று பேனாவை ஆட்டிக்கொண்டு கேட்டான்.

“புள்ள வளத்தேன். மாமியாருக்கு மூணு வருஷம் மூக்குல டியூப் வழியா கஞ்சி ஊத்தினேன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பொரட்டிப் படுக்கவச்சேன். அந்தம்மா முதுகுல ஒரு புண்ணு வர உடல. அத்தெல்லாம் எழுத உங்க பாரத்துல எடம் கீதா?” என்றேன்.

இடம் இல்லையாம். வேலையும் இல்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொன்னவர் என்னைப் பார்த்திருக்கமாட்டார்.

இந்த ஆஸ்பத்திரியின் சொந்தக்காரர் டாக்டர் வசந்தகுமார் மட்டும் என் சர்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலாவதியாகிக் கிடந்த பதிவை நான் சென்னைக்கு நடையாய் நடந்து புதுப்பித்திருந்ததைப் பார்த்தார். “ஒரு மாசம் பாக்கலாம். ஒத்து வந்தா பர்மனென்ட். இல்லன்னா வருத்தப்படக் கூடாது” என்றார்.

வீட்டுக்காரர் ஜெயராஜ் இரும்புக் கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறார். “ஒரு மாசமா? உன் வாய்க்கு ஒரு வாரம் தாங்கினா பெரிசு” என்று சிரித்தார். ஜெபா என் நீல பேன்ட்டையும் சட்டையையும் பார்த்துவிட்டு, “அம்மா, ட்ராபிக்ல நிக்கற போலீசம்மா மாரியே கீற” என்று செல்போனில் படம் பிடித்தாள். ஆளாளுக்குக் கேலி. எனக்கு அந்த வேலை வேண்டும். காசு வந்தால் நல்லதுதான். ஆனால் காசு வராவிட்டாலும் வேண்டும் என்று தோன்றுகிற அளவுக்கு வேண்டும். பதினேழு வருஷமாக நான் ஜெயராஜ் பொண்டாட்டி, ஜெபா அம்மா. முதல் நாள் ஒரு கிழவர் கட்டிலிலிருந்து “சிஸ்டர்” என்று கூப்பிட்டபோது நான் பாத்ரூமுக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

வார்டு இன்சார்ஜ் ஸ்நேகாவுக்கு இருபத்தேழு வயது. நல்ல வேலைக்காரி, முன்கோபி. ஒழுங்காக இருந்தால் “விக்டோரியா சிஸ்டர்” என்பாள், கோபம் வந்தால் “அக்கா” என்பாள். என்னை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அக்கா என்றாள். தப்பில்லை. நான் விட்டுப் போனபோது கண்ணாடி தெர்மாமீட்டரை உதறிக்கொண்டிருந்தோம், இப்போது நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி எதையோ நீட்டுகிறார்கள். மருந்துகளின் பெயர் மாறியிருந்தது, ஊசி மாறியிருந்தது, எழுதுகிற முறை மாறியிருந்தது. நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாளே அதில் ஒன்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். சர்க்கரைக்காரர்களுக்குப் போடுகிற இன்சுலின் பாட்டிலில் நாற்பது என்று ஒரு வகை, நூறு என்று ஒரு வகை. நூறில் மருந்து இரண்டரை மடங்கு கெட்டி. நாற்பதுக்குச் சிவப்பு மூடி போட்ட ஊசி, நூறுக்கு ஆரஞ்சு மூடி போட்ட ஊசி. ராயபுரத்தில் நான் தொட்டதெல்லாம் சிவப்புதான். ஆரஞ்சு என்று ஒன்றைக் கையில்கூட எடுத்ததில்லை. “மாத்திப் போட்டா ஆளு காலி, அக்கா. மறந்துடாதீங்க” என்றாள் ஸ்நேகா. மறப்பேனா என்று மனசுக்குள் முறைத்துக்கொண்டேன்.

முப்பதாம் நாள் காலை ஸ்நேகா என்னைப் பார்த்துச் சிரித்தாள். “பதினோரு மணிக்கு டாக்டர் உங்க பேப்பர்ல கையெழுத்துப் போடறாரு. நான் நல்லபடியா சொல்லிக்கீறேன். ஸ்வீட்டு எங்க?” என்றாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஏழரைக்கு ஐந்து சர்க்கரைக்காரர்களுக்கும் ஊசி போடப் போனேன். முதல் முறையாக நோட்டைத் திறக்காமல், வாய்க்குள் ஒரு கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டு, பத்தே நிமிஷத்தில் முடித்தேன். என் பழைய கை திரும்பி வந்துவிட்டது என்று பெருமை வேறு.

கடைசிக் கட்டில் தேசப்பனுடையது. ஐம்பத்தெட்டு வயது, ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. மூன்று நாள் முன்னால் காலை பத்து மணிக்கு டூட்டியிலேயே கேட்டருகே சுருண்டு விழுந்து, நெற்றியில் நாலு தையல், முழங்காலில் நல்ல காயம். கூட்டி வந்த சூப்பர்வைசர், “காலங்காத்தால ஊத்திகினு வந்தா விழாம இன்னா பண்ணுவான்? இனிமே கேட்டு பக்கம் வர வேணாம்னு சொல்லிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். வரும் வழியில் யாரோ ரெண்டு கிளாஸ் சர்க்கரை டீ ஊற்றியிருந்தார்கள். இங்கே பார்த்தபோது சுகர் சரியாகத்தான் இருந்தது. கேஸ் ஷீட்டில் ‘குடி?’ என்று ஒரு கேள்விக்குறியோடு எழுதியிருந்தது.

மூன்று நாளாக அவர் மனைவி கெங்கம்மாள் அந்தக் கேள்விக்குறியைத் தூக்கி எறிந்துவிட்டு அவரை வறுத்துக்கொண்டிருந்தாள். “பெரியபாளையத்தா மேல சத்தியமா நான் தொடல கெங்கு” என்பார் அவர். “ஆத்தாள இழுக்காத. அவ முன்னாடி எலுமிச்சம்பழத்த மிதிச்சு குடிய உட்டேன்னு சொல்லி ஒரு வருஷம்கூட ஆவல. மூணு வாரமா இன்னா ஆட்டம் ஆடற? வேர்த்து ஊத்துது, பேச்சு குளறுது. எனுக்குத் தெர்யாதா?” என்பாள் அவள். எங்களையும் விடவில்லை. “ஊட்ல இருந்த வரிக்கும் சுகரு நல்லா எறங்கிகினு இருந்திச்சு. உங்க ஆஸ்பத்திரிக்கி வந்துதான் ஏறிப்போச்சு” என்று ஸ்நேகாவிடமே சண்டை போட்டாள்.

அன்றைக்குக் கெங்கம்மாள் நாஷ்டா வாங்க வெளியே போயிருந்தாள். நான் தேசப்பனுக்குப் பதினாறு யூனிட் போட்டுவிட்டு ஊசியை எடுத்தேன். “சிஸ்டரு, உன் கை பூ மாரி கீது. போட்டதே தெர்ல” என்றார். “இந்தப் பேச்ச உங்க ஊட்டம்மாகிட்ட பேசியிருந்தா இவ்ளோ திட்டு வாங்கியிருக்கமாட்டீங்க” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

ட்ரேயைக் கொண்டுபோய் ஊசிகளை வெட்டிப் போட்டேன். மூடிகளை அள்ளிக் குப்பைக் கூடையில் போடக் கையை நீட்டினேன். ஐந்து மூடி. ஐந்தும் சிவப்பு.

நாலு பேருக்கு நாற்பது. தேசப்பனுக்கு நூறு. அவர் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். நூறு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒரு மூடி ஆரஞ்சாக இருந்திருக்க வேண்டும். என் பழைய கை திரும்பி வந்துதான் இருந்தது, ராயபுரத்தில் பழகிய சிவப்பையே தேடி எடுத்திருந்தது. பதினாறு போட வேண்டிய இடத்தில் நாற்பது யூனிட்டை அந்த மனிதர் வயிற்றில் ஏற்றியிருந்தேன்.

திரும்பிப் பார்த்தேன். தேசப்பன் கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை, இன்னும் ஆகவில்லை. அரை மணியோ ஒரு மணியோ கழித்துத்தான் சர்க்கரை விழத் தொடங்கும். விழுந்துகொண்டே போனால் நினைவு போகும், வலிப்பு வரும், ஆளே போகலாம்.

இப்போது சொல்லப் போவதை யாரிடமும் சொன்னதில்லை. நான் அந்த ஐந்து மூடிகளையும் கூடையில் போட்டேன். மேலே பஞ்சையும் போட்டேன். சர்க்கரை அள்ளிப் போட்டு டீ கொடுத்தால் போதும், கூடுதலாக ரெண்டு இட்லி சாப்பிட வைத்தால் போதும், பதினோரு மணி தாண்டிவிடும் என்று கணக்குப் போட்டேன். யாருக்குத் தெரியும்? ஆறாவதாக ஒரு ஆஸ்பத்திரி என்னை எடுக்காது. சத்தியமாக ஒரு நிமிஷம் அப்படியே நின்றேன்.

என்னைப் புரட்டியது பெரிய தர்மம் ஒன்றுமில்லை. இரண்டு மணிக்கு என் டூட்டி முடியும். அடுத்து வருகிறவளிடம் கட்டில் கட்டிலாகச் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இந்த மருந்து ராத்திரிவரை வேலை செய்யும். நான் சொல்லாமல் வீட்டுக்குப் போனால் சாயந்திரம் நாலு மணிக்கு அவர் விரலைக் குத்திப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? ஒப்படைக்கிற நேரத்தில் பொய்யை எந்த வாயால் சொல்வேன்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று பார்த்தால் பூசணிக்காய் என் கையில் இல்லை, அந்த மனிதர் வயிற்றில் இருக்கிறது. பஞ்சை விலக்கி ஒரு மூடியை எடுத்துக்கொண்டு ஸ்நேகாவிடம் ஓடினேன்.

“தேசப்பனுக்கு சிவப்புல போட்டுட்டேன். நாப்பது போயிடுச்சு. பதினஞ்சு நிமிஷம் ஆவுது.”

அவள் முகம் வெளுத்துப் போனது. ஆனால் கை நிற்கவில்லை. நான் சுகர் மெஷினை எடுக்க, அவள் குளுக்கோஸ் கரைத்தாள். நூற்று எழுபத்தாறு காட்டியது. கையில் ஏற்கெனவே இருந்த குழாயில் ட்ரிப்ஸ் மாட்டினோம். தேசப்பன், “இன்னாமா, ஒரே தடபுடலா கீது” என்றார்.

வராண்டாவுக்கு வந்ததும் ஸ்நேகா என் கையைப் பிடித்தாள். “அக்கா, சொல்றத கேளுங்க. இப்பதிக்கி எழுதாதீங்க. சுகர் டவுன் ஆச்சு, குளுக்கோஸ் போட்டோம்னு மட்டும் எழுதிக்கலாம். பதினோரு மணிக்கு உங்க பேப்பர் முடியட்டும். அப்பால நானே டாக்டர்கிட்ட பக்குவமா சொல்றேன்.”

அந்தப் பெண் எனக்காகத்தான் சொன்னாள். ஒரு மாதம் என்னை விரட்டி விரட்டித் திட்டியவள், எனக்காகத் தன் தலையைக் கொடுக்கப் பார்க்கிறாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

“வேணாம் ஸ்நேகா. எவ்ளோ போச்சுன்னு தெரியாம டாக்டரு எவ்ளோ குளுக்கோஸ் போடச் சொல்லுவாரு? நீ போன் போடு. நான் எழுதறேன்.”

“என் பேரும்தான் போவும்” என்று அழுதுகொண்டே போனை எடுத்தாள்.

ஷீட்டில் எழுதினேன். ஏழு நாற்பது, நூறு பாட்டில், சிவப்பு மூடி ஊசி, பதினாறு கோடு, போனது நாற்பது. கீழே கையெழுத்து. என் கையெழுத்து கோணலாக வந்தது. டாக்டர் போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “ட்ரிப்ஸ நிறுத்தாதீங்க. கால் மணிக்கு ஒரு தடவ சுகர் பாருங்க. எழுபதுக்குக் கீழ வந்தா கெட்டி குளுக்கோஸ நேரா நரம்புல ஏத்துங்க. நான் வந்துகினே இருக்கேன்” என்று மட்டும் சொன்னார்.

எட்டே காலுக்குக் கெங்கம்மாள் இட்லிப் பொட்டலத்தோடு வந்தாள். ட்ரிப்ஸைப் பார்த்ததும், “இன்னாத்துக்கு இது?” என்றாள். சொன்னேன். சுற்றி வளைக்காமல், நான்தான், என் தப்புதான், மருந்து அதிகமாகப் போய்விட்டது, சரி பண்ணிக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னேன்.

பொட்டலம் கட்டிலில் விழுந்தது. “அடிப்பாவி! எம்புருசன கொல்லவா சம்பளம் வாங்கற? பேரம்பேத்தி எடுக்கற வயசுல உனுக்கு இன்னாத்துக்குடி ஆஸ்பத்திரி வேல? ஊட்ல குந்திகினு சீரியல் பாக்க வேண்டியதுதான?” வார்டு முழுக்க எழுந்து உட்கார்ந்துவிட்டது. என் வாய்க்கு அவள் எம்மாத்திரம். ஆனால் அன்றைக்கு அவள் சொன்ன ஒவ்வொன்றையும் நான் நின்று வாங்கிக்கொண்டேன். தேசப்பன்தான், “உடு கெங்கு, அதுவா வந்து சொல்லிச்சே” என்று இழுத்தார். “நீ வாய மூடிகினு துன்னு” என்று அவர் வாயில் இட்லியைத் திணித்தாள். இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை.

நான் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். எட்டரைக்கு நூற்று இருபத்தொன்று. எட்டே முக்காலுக்குத் தொண்ணூற்றெட்டு. ஒன்பதுக்கு எழுபத்து நாலு. கெட்டிக் குளுக்கோஸை ஸ்நேகா ஊசியில் ஏற்றி வைத்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். ஒன்பது ஐந்துக்குத் தேசப்பனின் நெற்றி முத்து முத்தாக வேர்த்தது. கை நடுங்கியது. “கேட்ட தொற... லாரி வருது... எவன்டா அவன்...” என்று குளறினார். என் கையைத் தட்டிவிட்டார்.

அப்போது கெங்கம்மாள் செய்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அவள் குனிந்து அவர் வாயருகே மூக்கை வைத்து முகர்ந்தாள். மூன்று வாரமாகப் பழகிய பழக்கம் போல. முகர்ந்துவிட்டு அப்படியே நின்றாள்.

ஸ்நேகா மருந்தை ஏற்றினாள். மெஷின் ஐம்பத்தெட்டு காட்டியிருந்தது. இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். தேசப்பன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, “தண்ணி குடு கெங்கு” என்றார். நெற்றி காய்ந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“சிஸ்டர்.” கெங்கம்மாளின் குரல் மாறியிருந்தது. “ஊட்லயும் இத்தே மாரிதான். அச்சு அசலா இத்தேதான். இத்தத்தான் நான் குடின்னு...” என் பக்கம் திரும்பினாள். “நீ இன்னா தப்பு பண்ணன்னு சொன்ன? எனுக்கு வெளங்கற மாரி சொல்லு.”

சட்டைப் பையில் இருந்த சிவப்பு மூடியை எடுத்தேன். ட்ரேயிலிருந்து ஒரு ஆரஞ்சு மூடியை எடுத்தேன். இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். “இந்த பாட்டிலுக்கு ஆரஞ்சு. நான் சிவப்புல போட்டேன். கோடு அத்தே பதினாறுதான், ஆனா மருந்து ரெண்டர மடங்கு போயிடும்.”

அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து தன் வயர் கூடையை இழுத்தாள். துண்டு, சோப்பு, டம்ளர் எல்லாவற்றையும் தரையில் எடுத்து வைத்தாள். அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் நாலைந்து ஊசி. அத்தனையும் சிவப்பு மூடி.

“முன்ன வேற பாட்டிலு. மூணு வாரம் முந்தி எம்புள்ள மெட்ராசுலேர்ந்து இந்த நூறு பாட்டில வாங்கியாந்தான். ஊசி பழசு ஒரு பாக்கெட்டு மீதி கெடந்திச்சு. வீணாக்குவானேன்னு... இதுலதான் போட்டேன் சிஸ்டர். பதினாறு கோடு பாத்துத்தான் போட்டேன். தெனம் காலைல நாந்தான் போட்டேன்.”

ஸ்நேகாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் எங்களோடு போட்ட சண்டைக்கும் இப்போதுதான் அர்த்தம் புரிந்தது. வீட்டில் நாற்பது, இங்கே பதினாறு. இங்கே வந்து சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்? நான் கூடையில் போட்ட மூடியை எடுக்காமல் விட்டிருந்தால், இரண்டு நாளில் இவரைத் தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பியிருப்போம். இவள் மறுநாள் காலையே சிவப்பு மூடியைக் கழற்றியிருப்பாள்.

கெங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். “நாந்தான் பாவி! ஊசியும் போட்டுட்டு, குடிகாரன்னும் திட்டி, தெருவுல பேச வச்சேனே! அத்த சொன்ன வாயி அழுவ!” நான் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். அவள் திமிறினாள். விடவில்லை.

“நாலு வருஷம் வேல பாத்தவ, நோட்டுல எழுதி கோடு போட்டு வச்சவ நானு. எனுக்கே கை மாறிச்சு. உங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தாங்க? அடிச்சுக்காதீங்க” என்றேன். சொல்லும்போது நானும் அழுதுகொண்டிருந்தேன். மூன்று மாடிக்குக் கேட்கிற அளவு கத்தியவள் என் தோளில் சாய்ந்து விசும்பினாள்.

தேசப்பன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப நான் குடிக்கலன்னு இப்பனாச்சும் நம்பறியா?” என்றார். அதைக் கேட்டபோது அந்த மனிதரின் கண் கலங்கியிருந்தது.

டாக்டர் வந்தார். ஷீட்டைப் படித்தார், சிவப்பு மூடிகளைப் பார்த்தார், கெங்கம்மாளிடம் எல்லாவற்றையும் கேட்டார். பேனாவை எடுத்து அந்த ‘குடி?’ என்ற வார்த்தையை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். பதினோரு மணிக்கு என்னை ரூமுக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் என் பேப்பர் இருந்தது. அதை எடுத்து டிராயருக்குள் வைத்தார்.

“இன்னைக்கு இதுல கையெழுத்துப் போட முடியாது, விக்டோரியா. உங்களுக்கே தெரியும். இன்னும் ஒரு மாசம். அது வரைக்கும் இன்சுலின் நீங்க தனியா போடக் கூடாது.” டிராயரை மூடினார். “நீங்க மட்டும் இல்ல. இனிமே யாருமே தனியா போடக் கூடாது. ரெண்டு பேர் பாத்து, ரெண்டு பேர் கையெழுத்து. அதுக்கு ஒரு நோட்டு போடுங்க. நீங்களே போடுங்க.”

என் வாய்க்கு அன்றைக்கு இரண்டாவது தடவை வேலை இல்லாமல் போனது. “சரிங்க டாக்டர்” என்றேன். கதவுவரை போனதும், “அந்தாளு கம்பெனிக்கு ஒரு லெட்டர் வேணும் டாக்டர். குடிச்சு விழலன்னு” என்றேன். “எழுதிக்கினு வாங்க, போடறேன்” என்றார். அந்தக் கையெழுத்து அன்றைக்கே கிடைத்தது.

வீட்டில், “ஆச்சா?” என்றார் ஜெயராஜ். “இன்னும் ஒரு மாசம்” என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேலி செய்யாமல் டீ போட உள்ளே போனார்.

மறுநாள் காலை ஏழரை. தேசப்பனுக்கு ராத்திரி முழுக்கப் பார்த்துப் பார்த்துச் சர்க்கரை நிலைக்கு வந்திருந்தது. மடித்த லெட்டர் அவர் சட்டைப் பையில் இருந்தது. எடுத்து எடுத்துப் பார்த்ததில் ஒரு ஓரம் அழுக்காகியிருந்தது. டாக்டர் பதினாறே போடச் சொல்லியிருந்தார். நான் ட்ரேயோடு போனேன், ஸ்நேகா நோட்டோடு வந்தாள். ஆரஞ்சு மூடியைக் கழற்றிக் கண்ணில் படுகிற மாதிரி ட்ரேயிலேயே வைத்தேன்.

“நில்லு சிஸ்டர்” என்று கெங்கம்மாள் எழுந்து வந்தாள். வேண்டாம் என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். சொன்னாலும் நியாயம்தான். அவள் என் கையிலிருந்த பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். “நூறு” என்றாள். ட்ரேயிலிருந்த மூடியைத் தொட்டாள். “ஆரஞ்சு.” ஊசியைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்க் கோட்டை எண்ணினாள். “பதினாறு. சரியா?”

“சரி” என்றேன்.

“இந்தா, நீயே போடு. நாளைலேர்ந்து ஊட்ல நான் போடணும். உன் கைய பாத்துக்கறேன்.”

போட்டேன். நோட்டில் நான் கையெழுத்துப் போட்டேன், ஸ்நேகா போட்டாள். கெங்கம்மாள் பேனாவைப் பிடுங்கி, “நானும் பாத்தேன்ல?” என்று, இரண்டு பேர் கையெழுத்துக்கு விட்ட இடத்தில் மூன்றாவதாகத் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதத் தொடங்கினாள். ஸ்நேகா தடுக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“எழுதிகினே இருங்க,” என்றார் தேசப்பன், “இங்க இட்லி ஆறுது.”